ஓய்வுபெற்றவரை மறுபடி வேலைக்கு அழைக்கும் முன்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மனிதவள மேலாண்மைத் துறைச் செயலாளர் அவர்கள்,
நிதித் துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை.
கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் அரசுப் பணியாளர்களை மறுபடி அலுவலகத்துக்கு அழைத்து வேலை கொடுப்பது பற்றி எழுதுகிறேன். நான் கருவூலத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பெரும்பாலும் இந்த மாவட்டத்தின் சார்நிலைக் கருவூலங்களில்தான் இருந்தேன். ஓய்வூதியப் பட்டியல், ஆண்டு நேர்காணல், நிலுவை, குடும்ப ஓய்வூதியம் என்று அன்றாடம் கையில் புழங்கிய விஷயம் இது. இப்போது நானும் ஓய்வூதியர். கவுண்டருக்கு உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியே வரிசையில் நின்றும் பார்க்கிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற ஒருவரிடம் மட்டுமே இருக்கிற அறிவு அடுத்தவர் கைக்கு மாற வேண்டும் என்றால் அவரை அழையுங்கள். காலம் குறித்து, ஊதியம் குறித்து, எல்லோருக்கும் தெரியும்படி அழையுங்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் நாளை ஓட்டுவதற்காக யாரையும் அழைக்காதீர்கள். இந்த இரண்டையும் பிரிக்கிற விதியை, பணியாளரும் பொதுமக்களும் ஒரே இடத்தில் எடுத்துப் படிக்கும்படி தெளிவான ஓர் ஆணையாகத் தாருங்கள்.

இதில் குமரி மாவட்டத்துக்கு ஒரு தனி நிலைமை உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துப் பகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது திருவிதாங்கூர் காலத்து நில ஆவணங்களும் கூடவே வந்தன. குழித்துறை, தக்கலைப் பக்கம் ஒரு பாகப்பிரிவினைப் பிரச்சினை என்றால் இன்றைக்கும் முன் ஆதாரம் தேடிப் போகும்போது கையில் வருவது மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதிய பத்திரமாக இருக்கலாம். கொல்லம் 1085 என்று போட்டிருந்தால் அது 1909-ஆ, 1910-ஆ என்பதை மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கில் ஆண்டு பிறப்பது ஆவணியில்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர் ஒருவர் இப்படி ஓர் ஆதாரத்தை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாளில் மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு எழுத்து உதிர்ந்து போயிருந்தது. அவர் ஊகித்து எதையும் சொல்லவில்லை. முதலில் நான்கெல்லையைப் படித்தார்: கிழக்கே தோடு என்கிற சிற்றோடை, தெற்கே இன்னார் விளை, மேற்கே நடைபாதை. அப்புறம் தண்டப்பேர் எண்ணை, அதாவது நில உரிமையாளரின் வரிக் கணக்கு எண்ணை, பழைய பதிவேட்டில் தேடி எடுத்தார். அங்கிருந்து பழைய சர்வே எண், அதிலிருந்து ரீசர்வே எண் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வரைபடத்தை விரித்து, தோடு இன்றைக்கும் கிழக்கே ஓடுகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் உதிர்ந்துபோன எழுத்து எதுவாக இருக்க முடியும் என்று வாயைத் திறந்தார். ஒரு முற்பகல் முழுக்க ஆனது. புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர், சின்னப் பெண், பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவருக்கு ஊதியம் எதுவும் கிடையாது. போன் செய்தார்கள், வந்தார். என்ன தகுதியில் அந்தப் பதிவேட்டைத் தொட்டார் என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நாளைக்கு அந்தப் பட்டா மாறுதல் நீதிமன்றத்துக்குப் போனால் அவர் வந்து போனது எந்தக் கோப்பிலும் இருக்காது. இப்படிப்பட்டவரை முறையாக அழைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆறு மாதமோ ஒரு வருடமோ, உரிய ஊதியத்தோடு, தாலுகாவுக்கு இரண்டு இளைஞர்களை அவரோடு உட்கார வைத்து அந்த வாசிப்பைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் மாவட்டத்தின் மேற்கே இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் மலையாளம் தெரிவது வேறு, பழைய வருவாய்ப் பதிவேட்டை வாசிப்பது வேறு. அந்தப் பயிற்சி உள்ளவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

நீர்வளத் துறையிலும் இதே கதைதான். பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. கோதையாறு பாசனத்தில் தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று தண்ணீர் பிரிந்து பிரிந்து போகிறது. ஜூன் மாதம் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்தால், கால்வாயின் கடைசி வயல்களான கடைவரம்புக்குத் தண்ணீர் போய்ச் சேர எந்த மதகை எத்தனை நாள் எவ்வளவு தூக்கி வைக்க வேண்டும் என்பது மதகைத் திறந்து மூடும் பணியாளரான, பல வருடம் கரையில் நடந்த லஸ்கருக்குத் தெரியும். அது எந்தக் கையேட்டிலும் முழுசாக இல்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு கடைவரம்பு விவசாயி அலுவலகத்துக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறார். அப்படிப்பட்டவரை ஒரு சாகுபடிக் காலம், கன்னிப்பூவிலிருந்து இரண்டாம் போகமான கும்பப்பூ முடியும் வரை, புதிய ஆளோடு சேர்த்துக் கரையில் நடக்கவிட்டால் அது செலவே இல்லை.

காலமும் காரணமும் தெளிவாக இருந்தால் மறுபணியை யாரும் குறை சொல்வதில்லை. கொரோனா தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 31 அன்று ஓய்வுபெற இருந்த அரசு மருத்துவர்கள், செவிலியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒப்பந்த முறையில் இரண்டு மாதம் பணி நீட்டிப்புத் தந்தது. ஏன், எத்தனை நாளைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. கல்வியாண்டின் நடுவில் வயது முடிகிற ஆசிரியரை அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் செய்வதும் அப்படித்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை டிசம்பரில் புது ஆசிரியரிடம் விட முடியாது, அவ்வளவுதான் காரணம். வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். இதில் யாருடைய வாய்ப்பும் பறிபோகவில்லை.

பிரச்சினை வேறு வகையில் இருக்கிறது. ஒரு பிரிவில் ஐந்து இருக்கை. மூன்று காலி. தேர்வாணையத்துக்குப் பணியிடம் கேட்டு எழுதி, ஆள் வந்து சேர இரண்டு வருடம் ஆகும் என்று அலுவலகத் தலைவர் நினைக்கிறார். போன மாதம் ஓய்வுபெற்றவர் பக்கத்து வார்டில்தான் இருக்கிறார், வேலையும் தெரியும், நம்பிக்கையான ஆளும்கூட. ‘அண்ணே, ஒரு மூணு மாசம் வந்து பாத்துக்கிடுங்க’ என்று கூப்பிடுகிறார்கள். மூன்று மாதம் ஆறாகிறது, ஆறு மூன்று வருடமாகிறது. கூப்பிட்ட அதிகாரி மாறுதலாகிப் போன பிறகும் அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். ஆணையில் அவர் பெயர் ஆலோசகராக இருக்கலாம், தொகுப்பூதியப் பணியாளராக இருக்கலாம், மதிப்பூதியம் பெறுபவராக இருக்கலாம். சில இடங்களில் ஆணையே இருக்காது. அவுட்சோர்சிங் நிறுவனத்தின் பட்டியலில் ஒரு வரியாக அவர் பெயர் இருக்கும். வேலை மட்டும் அதே வேலை.

அவரைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. பெரும்பாலும் அவர் நல்ல வேலைக்காரர், அதனால்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும் வரை அந்த இடம் காலி என்பது யாருக்கும் உறைப்பதில்லை. கோப்பு நகர்கிறது, பொதுமக்கள் புகார் கொடுக்கவில்லை, அப்புறம் எதற்கு அவசரமாக ஆள் கேட்டு எழுத வேண்டும்? அந்த எண்ணம்தான் எனக்குக் கவலை.

அந்தக் காலியிடத்துக்காகக் காத்திருப்பவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இந்த மாவட்டம். வீட்டுக்கு ஒரு பட்டதாரி என்பது இங்கே மிகையில்லை. நாகர்கோவிலில் நூலகத்திலும் பயிற்சி மையங்களிலும் காலையிலேயே வந்து உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். 2022-ல் குரூப் 4 தேர்வு அறிவித்தபோது 7,301 பணியிடத்துக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆகி, 2021 பிப்ரவரி அறிவிப்பில் 60 ஆனபோது, ஏறத்தாழ இரண்டு வருடம் வயது முதிர்வில் யாரும் வெளியே போகவில்லை. அதற்கு ஈடாக நேரடி நியமனத்துக்கான உச்ச வயது 30-லிருந்து 32 ஆனது. அந்த இரண்டு வருடத்தையும் காத்திருந்தே கழித்த பிள்ளைகளிடம், காலியிடம் இருக்கிறது, ஆனால் அதில் ஓய்வுபெற்றவர் இருக்கிறார் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பணக் கணக்குக்கு வருகிறேன். இது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓய்வூதியரை வைத்துக்கொள்வது மலிவு என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. அகவிலைப்படி இல்லை, ஊதிய உயர்வு இல்லை, ஓய்வூதியப் பொறுப்பு இல்லை, வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். அந்த ஆண்டு ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் உண்மைதான். இளநிலை உதவியாளராகப் புதிதாகச் சேர்பவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய், அதற்கு மேல் படிகள். ஆனால் புதியவர் முப்பது வருடம் வேலை செய்வார். மூன்றாம் வருடத்திலேயே அந்தப் பிரிவை முழுசாகத் தாங்குவார். ஓய்வூதியரின் ஊதியம் அலுவலகத் தலைப்பில் குறைவாகத் தெரிந்தாலும் அவருடைய ஓய்வூதியம் அதே அரசுக் கருவூலத்திலிருந்துதான் போகிறது. ஒரு கணக்குத் தலைப்பில் மிச்சம் பிடித்தது இன்னொரு தலைப்பில் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு மத்திய அரசு ஒரு வழி வகுத்திருக்கிறது. மத்திய செலவினத் துறை 2020 டிசம்பர் 9-ஆம் தேதியிட்ட குறிப்பாணையில், ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியரை ஒப்பந்தத்தில் எடுக்கும்போது கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து மீதியை மாதத் தொகையாகக் கொடுக்கச் சொல்கிறது. அந்தத் தொகை ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது. முதலில் ஓர் ஆண்டுக்கு மேல் கூடாது. நீட்டிக்கலாம், ஆனால் ஓய்வு வயதிலிருந்து ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட நியமனம் வழக்கமாகிவிடக் கூடாது, மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அது மத்திய அரசு ஊழியருக்கானது, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் படித்தால் யாருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது. அந்தத் தெளிவைத்தான் கேட்கிறேன்.

அதில் உள்ள ஒரு நுணுக்கத்தை நம் ஆணையிலும் மறக்காமல் சேர்க்க வேண்டும். கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் வாங்கியவருக்கு, முழுத் தகுதிப் பணிக்காலம் இருந்தால், ஓய்வூதியம் 30,000. நம் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 10,000-ஐ, அவர் கம்யூட்டேஷன் செய்து மொத்தமாக வாங்கியிருந்தால் மாதம் கைக்கு வரும் அடிப்படை 20,000. இவரை மறுபடி எடுக்கும்போது எதைக் கழிப்பது? கைக்கு வரும் 20,000-ஐக் கழித்தால் அவருக்கு 40,000 கொடுக்க வேண்டும். முழு 30,000-ஐக் கழித்தால் 30,000. கம்யூட்டேஷன் என்பது வரும் ஆண்டுகளின் ஓய்வூதியத்தை இன்றே கையில் வாங்கிக்கொள்வது. அந்தப் பத்தாயிரத்துக்கு மறுபடி ஊதியமாகக் கொடுத்தால் அது இரட்டைப் பட்டுவாடா. மத்திய ஆணை கம்யூட்டேஷன் செய்து வாங்கிய பகுதியையும் சேர்த்தே கழிக்கச் சொல்கிறது. இதை எழுதாமல் விட்டால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடும், தணிக்கையில் வந்து நிற்கும், கடைசியில் வயதான மனிதரிடமிருந்து பிடித்தம் செய்ய வேண்டி வரும்.

கழிப்பது புதிய ஊதியத்தில்தான். ஓய்வூதியத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ‘பென்ஷனும் வாங்கிட்டு சம்பளமும் வாங்குறான்’ என்று டீக்கடையில் பேசுகிறவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். முப்பது வருட உழைப்புக்கு வருகிற பணத்தைக் காட்டி ஒரு மனிதரை அவமானப்படுத்தக் கூடாது. விதி தெளிவாக இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். ஆண்டு நேர்காணல், நாம் மஸ்டரிங் என்று சொல்வது. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்ற வாழ்வுச் சான்றோடு, தான் மறுபணியில் இல்லை என்ற உறுதிமொழியும் அப்போது வாங்குவது வழக்கம். மறுபணியில் இருந்தால் அது ஓய்வூதியத்தைப் பாதிக்கலாம் என்பதற்காகத்தான். மத்திய அரசில், மறுபணியில் இருக்கும் காலத்துக்கு ஓய்வூதியத்தின் மீதான அகவிலை நிவாரணம் கிடையாது என்பது பொது விதி, சில பிரிவினருக்கு விலக்கு உண்டு.

இப்போது, ஓர் அலுவலகத்தில் மதிப்பூதியத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அந்தப் படிவத்தோடு கவுண்டருக்கு வருகிறார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிக்கு வந்ததும் நிற்கிறார். ‘சார், இதுல நான் என்ன எழுதணும்?’ என்று கேட்கிறார். தருவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான் என்று அவருடைய அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். தினமும் பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிறார். மறுபணியா, இல்லையா? அவருக்கும் தெரியவில்லை, கவுண்டரில் இருப்பவரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டால் பொய் உறுதிமொழி ஆகிவிடுமோ என்ற பயம், போடாவிட்டால் அடுத்த மாத ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்ற பயம். அறுபத்து மூன்று வயதில், மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு நேர்மையான மனிதர் கவுண்டர் முன்னால் அப்படி நிற்க வேண்டியதில்லை. மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஆலோசகர் கட்டணம், நிறுவனம் மூலம் வரும் கூலி ஆகிய ஒவ்வொன்றும் மறுபணிதானா, ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் ஏன் இல்லை என்பதை அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே தமிழில் அச்சிட்டுத் தாருங்கள்.

எல்லா ஓய்வூதியரையும் ஒரே தட்டில் வைத்தும் விதி எழுதக் கூடாது. நம் மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் ஏராளம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஓய்வூதியத்தோடு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகும். அவர்களுக்கு இரண்டாவது வேலை என்பது வாழ்க்கையின் பாதி. மத்திய விதிகளிலும், 55 வயதுக்கு முன் ஓய்வுபெற்று வரும் அதிகாரி நிலைக்குக் கீழுள்ள படைவீரர்களின் ஓய்வூதியம் முழுவதையும் கணக்கில் எடுக்காமல்தான் புதிய ஊதியம் நிர்ணயிக்கிறார்கள். மாநிலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே 1986-லிருந்து டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அறுபது வயதில் முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவருக்கான கட்டுப்பாட்டை இவர்கள் மீது போடக் கூடாது.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் இல்லாமல் ஒரு மொத்தத் தொகையோடு வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். ஊதியத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழி என்றால் இவர்களுக்கு எதைக் கழிப்பது? சத்துணவு, அங்கன்வாடியில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து, சிறப்பு ஓய்வூதியம் என்ற பெயரில் சிறு தொகை வாங்குகிற அம்மாக்களுக்கு மறுபணி கட்டுப்பாடு என்று சொன்னால் அது கொடுமை. அவர்கள் எங்கேயாவது சமையலுக்கோ ஆயா வேலைக்கோ போனால் தடுக்கிற மாதிரி ஒரு வரிகூட ஆணையில் இருக்கக் கூடாது. கட்டுப்பாடு, முழு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அதே துறையின் அனுமதிக்கப்பட்ட பணியிட வேலையைச் செய்பவருக்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் வைத்தார்கள். தகுதித் தேர்வு முடித்துவிட்டு வீட்டில் இருந்த நம் பிள்ளைகள் அந்தச் சம்பளத்துக்கும் போனார்கள். ஒருவருக்கு அதுதான் முழு வருமானம், அதில்தான் பஸ் கட்டணம், அதில்தான் வீட்டு வாடகை. ஓய்வூதியம் உள்ள ஒருவருக்கு அதே தொகை மேல்வரவு. குறைந்த தொகுப்பூதியத்துக்கு வரத் தயாராக ஓய்வூதியர்கள் இருந்தால், அந்த ஊதியத்தை உயர்த்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் வராது. தற்காலிக வேலையாகவே இருந்தாலும் முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கும் இளைஞரைக் கேளுங்கள். தகுதியான ஆள் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகு ஓய்வுபெற்றவரிடம் போகலாம்.

பொறுப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பணியில் இருப்பவரை 1973-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வாய்மொழியாகவோ நிறுவனம் வழியாகவோ வந்து உட்கார்ந்திருப்பவரை எது கட்டுப்படுத்துகிறது? நான் போய்வந்த ஓர் அலுவலகத்தில், அதிகாரியின் மின்கையொப்பக் கருவி ஓய்வுபெற்றவரின் மேசை டிராயரில் இருந்தது, கடவுச்சொல் அவருக்கு மனப்பாடம். பட்டியல்கள் களஞ்சியம் என்ற அரசு நிதி மென்பொருளில் ஏறிக்கொண்டிருந்தன. தப்பு நடந்தது என்று சொல்லவில்லை. நடந்தால் மாட்டிக்கொள்வது அந்த டிராயர் பக்கம் வராத அதிகாரியும், கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாத பெரியவரும்தான். மறுபணியில் வருபவர் வழிகாட்டலாம், வரைவு எழுதலாம், சரிபார்த்துச் சொல்லலாம். ஒப்புதல் அளிப்பதும் பணம் விடுவிப்பதும் பணியில் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஆணை சொல்லட்டும். துறை நடவடிக்கை நிலுவையில் இருந்து தற்காலிக ஓய்வூதியம் வாங்குபவரை அழைக்கவே கூடாது என்பதையும் சேருங்கள். நிறுவனம் மூலம் வந்தாலும் விதி ஒன்றுதான் என்ற ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆணையை மதிக்கிறவர்கள் மட்டும் கட்டுப்படுவார்கள், மற்றவர்கள் நிறுவனம் வழியாக அதே நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். விருப்ப ஓய்வில் போய், அடுத்த மாதமே ஆலோசகராக வருவதற்கும் இடைவெளி ஒன்று வையுங்கள்.

அழைக்கப்படுபவர் யார் என்பதில் தெரிந்தவர் வேண்டியவர் என்ற பேச்சு வரக் கூடாது. மாவட்ட அளவில் ஓய்வுபெற்றவர்களின் திறன் பட்டியல் ஒன்று திறந்து வைக்கலாம். மலையாள ஆவணம் வாசிப்பவர், மதகு தெரிந்தவர், நாற்கரச் சாலைக்கு நிலம் எடுத்த கோப்புகளைக் கையாண்டவர், பழைய பணிப்பதிவேட்டைச் சரிசெய்யத் தெரிந்தவர் என்று அவரவரே பதிந்துகொள்ளட்டும். நியமிக்கும்போது எந்த வேலைக்கு, எத்தனை மாதம், என்ன ஊதியம், யாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நான்கும் ஆணையில் இருக்கட்டும். காலம் முடிந்தபோது யார் கற்றுக்கொண்டார் என்று ஒரு பக்க அறிக்கை எழுதாமல் நீட்டிப்பு தரக் கூடாது. கற்றுக்கொள்ள ஆளே இல்லை என்று அறிக்கை வந்தால், அது நீட்டிப்புக்கான காரணம் ஆகாது. அந்தப் பணியிடத்தை நிரப்பச் சொல்லித் தேர்வாணையத்துக்கு எழுத வேண்டிய காரணம்.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 4, ஒவ்வொரு அலுவலகமும் தன் அலுவலர், பணியாளர் வாங்கும் மாத ஊதியத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அந்த வரிசையில், மாவட்டத்தின் இன்றைய ஆறு தாலுகாவிலும் மறுபணியில் இருப்பவர்கள் எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரில், எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகையில் இருக்கிறார்கள் என்று மாவட்ட இணையதளத்தில் போடச் சொல்லுங்கள். அவர்களுடைய ஓய்வூதியத் தொகையையோ வீட்டு முகவரியையோ போட வேண்டாம். அதே பக்கத்தில் அந்தந்த அலுவலகத்தின் காலிப் பணியிட எண்ணிக்கையும் இருக்கட்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே அறிவு கைமாறுகிறது, எங்கே நாற்காலி அடைபட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த மடலின் அச்சுப் பிரதியையும், மேலே சொன்ன ஓய்வூதியம் கழிக்கும் கணக்கின் மாதிரி விளக்கத்தையும் வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கிறேன். நேர்காணல் படிவத்தின் பின்பக்கத்தில் என்ன அச்சிடலாம் என்பதற்கு ஒரு வரைவும் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலப் பணியாளர் ஒருவர்,
நாகர்கோவில்.